பந்தயக் காரின் டயரும் நம் ஊர் அளவுகோலும்

காலை முதல் இரவு வரை விசைத்தறியின் ஓசையன்றி வேறொன்றும் கேட்காத அம்மையார்குப்பத்தில், ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். சென்ற ஐப்பசி வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். பெங்களூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன், தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது இரண்டே கதவுள்ள, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் காரொன்றை ஓட்டி வந்தான். பழைய வண்டிதான், மூன்றாவது கை. எங்கள் தெருமுனை வேகத்தடையில் அதன் வயிறு உரசாமல் ஏற்றி இறக்க, தெருப் பிள்ளைகள் பத்துப் பேர் வேண்டியிருந்தது.

மறுநாள் அவன் என்னிடம் கேட்ட கேள்வியிலிருந்து பிறந்தது இக்கட்டுரை. "சார், அடுத்த வாரம் அப்பா அம்மாவைத் திருப்பதிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். டயரில் பட்டன் நன்றாகவே இருக்கிறது. நான்கையும் மாற்றுவதென்றால் பெரிய தொகை. மாற்ற வேண்டுமா, வேண்டாமா?"

கேட்பதற்கு முன்பே அவன் நான்கு இடங்களில் விசாரித்திருந்தான். 'நூல் தெரியும் வரை ஓட்டலாம்' என்றது ஒரு டயர்க் கடை. '40,000 கி.மீ. ஓடினால் தூக்கிப் போடு' என்றான் பெங்களூர் நண்பன். பள்ளத்தில் நாணயத்தைச் செருகிப் பார்க்கச் சொன்னார் ஒருவர். 1.6 மி.மீ. இருந்தால் சட்டம் ஒன்றும் செய்யாது என்றார் இன்னொருவர். நால்வரும் அனுபவசாலிகள்; நால்வர் சொன்னதும் வேறு வேறு. இந்த அளவுகோல்களை இயற்பியல் என்னும் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே நம் வேலை.

கி.மீ. கணக்கை உடனே தள்ளிவிடலாம். அது வெறும் சராசரி. ஒரே டயர் ஒருவரிடம் அறுபதாயிரம் ஓடும். திருப்பத்துக்குத் திருப்பம் பிரேக்கை மிதிக்கும் மற்றொருவரிடம் இருபதாயிரத்தில் மொட்டையாகும். மூன்றாவது கையாக வந்த வண்டியில் முதல் இரு கைகளும் எப்படி ஓட்டின என்று யார் சொல்வது?

விமரிசனத்தை வெளியாரிடமிருந்து தொடங்குவது நியாயமன்று. என் தொழிலிலிருந்தே தொடங்குகிறேன். "உராய்வு விசை தொடு பரப்பைச் சார்ந்ததன்று என்று நீங்கள்தானே சார் வகுப்பில் எழுதிப்போட்டீர்கள்? பின் இந்த வண்டிக்கு ஏன் இவ்வளவு அகல டயர்?" என்று அவன் கேட்டபோது, எனக்குச் சற்றே வியர்த்தது. ஆண்டுதோறும் கரும்பலகையில் நான் எழுதுவது அதுதான். மரக்கட்டையையும் இரும்புத் துண்டையும் வைத்துக் கண்ட விதி அது. அவற்றுக்கு ஏறத்தாழ உண்மை. ரப்பரோ அந்த வகுப்பில் சேராத பிள்ளை. சாலையின் சரளை மேடு ஒவ்வொன்றின் மேலும் அது வழிந்து படிகிறது. மூலக்கூறு அளவில் ஒட்டிக்கொள்கிறது. மேட்டைத் தாண்டும்போது நசுங்கி மீண்டு அந்த அசைவிலேயே ஆற்றலை இழக்கிறது. இந்த ஒட்டும் இழப்பும் சேர்ந்ததே ரப்பரின் உராய்வு. ஒரு சதுர செ.மீ.க்கு வரும் பளு கூடக்கூட அதன் உராய்வுக் குணகம் குறைகிறது. எனவே பளுவை அகலப் பரப்பில் பரப்பினால் பிடிப்பு கூடுகிறது. ஸ்போர்ட்ஸ் காரின் டயர் அகலமாக இருப்பதற்கு அழகு மட்டுமே காரணமன்று. நம் பாடநூல்கள் உராய்வுப் பாடத்தின் அடியில் 'ரப்பருக்கு இது பொருந்தாது' என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? மாணவன் அன்றாடம் காணும் உராய்வுகளில் சைக்கிள் டயரும் செருப்பும்தானே முதலிடம் பெறுகின்றன!

அந்தப் பரப்பும் எவ்வளவு என்கிறீர்கள்? ஆயிரம் கிலோ எடையுள்ள வண்டியில் சக்கரம் ஒன்றுக்கு 250 கிலோ. டயரில் 30 பவுண்டுக் காற்று, அதாவது சதுர செ.மீ.க்குச் சுமார் 2.1 கிலோ. வகுத்தால் ஏறத்தாழ 120 சதுர செ.மீ. வருகிறது, ஒரு மனிதனின் உள்ளங்கை அளவு. மணிக்கு நூறு கி.மீ. வேகத்தில் ஒரு குடும்பத்தின் உயிர் நான்கு உள்ளங்கைகளின் மேல் நிற்கிறது.

இனி மொட்டை டயருக்கு வருவோம். மொட்டை டயர் வழுக்கும் என்பது ஊரறிந்த உண்மை. ஆனால் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் நடத்திய பந்தயங்களை நேரில் கண்ட மூத்த வாசகர்கள் இதை மறுப்பார்கள். 1990 முதல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் பந்தயம் பார்த்தவர்களும் அறிவார்கள். பந்தயக் காருக்கு வேண்டுமென்றே மொட்டை டயர் மாட்டுகிறார்கள்! காய்ந்த தளத்தில் பள்ளம் என்பது வீணான இடம். பள்ளம் இல்லையேல் உள்ளங்கை முழுவதும் ரப்பர் படியும். உயரமான பட்டன்கள் திருப்பத்தில் பக்கவாட்டில் வளைந்து நெளியும், சூடேறும். மொட்டைப் பரப்பு அப்படி நெளியாது. சில பந்தயக்காரர்கள் சாலை டயரையே வாங்கி, பட்டனைச் செதுக்கித் தாழ்த்தி ஓட்டுவதும் இதனால்தான்.

இதில்தான் ஸ்போர்ட்ஸ் கார் உரிமையாளருக்கு ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. கோடைக்காலம் முழுவதும் அவர் டயர் தேயத் தேய, வண்டி திருப்பங்களில் மேலும் கூர்மையாக, மேலும் சொன்னபடி கேட்பதாகத் தோன்றும். தோற்றமும் பொய்யன்று, காய்ந்த சாலையில் உண்மையாகவே அப்படித்தான். 'டயர் இப்போதுதான் படிந்திருக்கிறது' என்று மகிழ்வார். ஓட்டுகிறவரின் கை உணர்வு நல்ல அளவுகோல் என்று பெருமையாகப் பேசுவோர் கவனிக்க வேண்டும்: இந்தக் கை உணர்வு பங்குனி, சித்திரையில் தரும் சான்றிதழ், ஐப்பசி மழையில் செல்லாது.

மழையில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம், ஏனெனில் முழுச் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. சாலையில் 3 மி.மீ. தண்ணீர் நிற்கிறது என்று கொள்வோம். டயரின் அகலம் 20 செ.மீ.; வேகம் மணிக்கு 80 கி.மீ., அதாவது வினாடிக்குச் சுமார் 22 மீட்டர். பெருக்கிப் பாருங்கள். ஒரு வினாடியில் முன்டயர் ஒவ்வொன்றும் விலக்க வேண்டிய நீர் 13 லிட்டருக்கு மேல். எங்கள் தெருக் குழாயடியில் அது ஒரு குடம். வினாடிக்கு ஒரு குடம் தண்ணீரை அந்த உள்ளங்கை தன் அடியிலிருந்து வெளியேற்றியாக வேண்டும். டயரின் ஒரு புள்ளி தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரமோ ஒரு வினாடியில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பள்ளங்கள் அந்த நீருக்கான வாய்க்கால்கள். வாய்க்கால் ஆழமாக இருந்தால் நீர் ஓடிவிடும். தூர்ந்திருந்தால் டயருக்கும் சாலைக்கும் நடுவே ஆப்புப்போல் நுழைந்து வண்டியையே தூக்கிவிடும்.

எந்த வேகத்தில் தூக்கும்? பிளஸ் ஒன் மாணவனே கணக்கிடலாம். மோதிவரும் நீரின் இயக்க அழுத்தம், அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கியதில் பாதி. அது டயரின் காற்றழுத்தத்துக்குச் சமமாகும்போது டயர் மிதக்கத் தொடங்கும் என்று கொண்டால், 30 பவுண்டுக்கு மணிக்கு 73 கி.மீ. கிடைக்கிறது. இது மேலோட்டமான கணக்கு. 1963இல் அமெரிக்காவின் நாசா நிறுவனத்து ஆய்வாளர்களான ஹார்ன், டிரெயர் இருவரும், விமான டயர்களை நனைந்த தளத்தில் ஓட்டிக் கண்ட சோதனை வாய்பாடு இதற்கு 91 கி.மீ. என்று விடை தருகிறது. டயரின் பவுண்டு அளவுக்கு வர்க்கமூலம் கண்டு 16.65ஆல் பெருக்குங்கள், அவ்வளவுதான் வாய்பாடு. காற்று 20 பவுண்டாக இறங்கியிருந்தால் விடை 75க்குக் கீழே வந்துவிடும். பெட்ரோல் பங்கில் காற்றுப் பார்க்கச் சோம்புகிறவர்கள் இந்தப் பதினாறு கி.மீ. வேறுபாட்டை நினைவில் வைக்கலாம்.

இந்த வாய்பாட்டில் வண்டியின் எடை இல்லை, பள்ளத்தின் ஆழமும் இல்லை என்பதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். ஆழம் இல்லாததற்குக் காரணம், வாய்க்கால்கள் நிரம்பி வழிந்த பின் நடப்பதையே இது கூறுகிறது. மொட்டை டயருக்கு எப்போதும் இதே நிலைமை. புதுக் கார் டயரில் பள்ளம் சுமார் 8 மி.மீ.; 3 மி.மீ. தண்ணீர் அதற்குப் பொருட்டன்று. 1.6 மி.மீ.க்குத் தேய்ந்த டயருக்கு அதே தண்ணீர் வெள்ளம்.

இப்போது சட்டத்தை விமரிசிக்கலாம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இல் 94ஆம் விதி, கார் முதலிய வண்டிகளுக்கு 1.6 மி.மீ. ஆழத்தையும், இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8 மி.மீ. ஆழத்தையும் குறைந்தபட்ச எல்லையாக வைக்கிறது. தேய்மானத்தால் உள்ளடுக்கு வெளியே தெரியும் டயரையும் அது ஏற்பதில்லை. ஆகவே 'நூல் தெரியும் வரை' என்ற கடைக்காரரின் வாக்கு சட்டத்துக்கே புறம்பானது. அந்த அளவில் விதி நல்லதே. ஆனால் 1.6 என்பது எட்டில் ஐந்தில் ஒரு பங்கு. எண்பது விழுக்காடு வாய்க்கால் தூர்ந்த பிறகுதான் சட்டம் கண் விழிக்கிறது. எந்த வேகத்தில், எவ்வளவு நீரில், எவ்வளவு அகல டயரில் என்று அது கேட்பதில்லை. ஆட்டுக்கும் யானைக்கும் ஒரே கயிறு. அகல டயர் காய்ந்த சாலையில் பெற்ற ஆதாயத்தை மழையில் வட்டியோடு திருப்பித் தரவேண்டியிருக்கிறது, ஏனெனில் அது விலக்க வேண்டிய குடமும் பெரிது. ஜெர்மன் மோட்டார் சங்கமான ஏ.டி.ஏ.சி. கோடை டயருக்கு 3 மி.மீ.யை எல்லையாகப் பரிந்துரைக்கிறது. ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல், புதிய வகைக் கார் டயர்களைத் தேய்ந்த நிலையிலும் நனைந்த தளத்தில் சோதிக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். கடையில் பளபளக்கும்போது எடுத்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு கடைசி நாள் வரை நம்பாதே என்பது அதன் பொருள். நம் விதியும் அந்த வழியில் நகர வேண்டும் என்பது என் கருத்து.

நாணயச் சோதனையில் எனக்குள்ள குறை வேறு. அதைச் செய்கிறவர்கள் நின்ற நிலையில், வெளி ஓரத்தில், ஒரே இடத்தில் செய்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் கார்களில் திருப்பப் பிடிப்புக்காகச் சக்கரத்தின் தலை சற்று உள்நோக்கிச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். எனவே முதலில் தேய்வது உள் ஓரம். கண்ணுக்குத் தெரிவது வெளி ஓரம். குனிந்து, முடிந்தால் வண்டியைத் தூக்கி, உள்ளே பார்க்காதவன் பாதி டயரைத்தான் பார்த்தவன்.

ஆழம் ஒரு பக்கம் இருக்கட்டும். சட்டமும் நாணயமும் நண்பனும் கடையும் ஒன்றுசேர்ந்து மறந்த ஒன்று உண்டு. அது டயரின் வயது. ரப்பர் ஓடினால்தான் கெடும் என்பதில்லை. சும்மா நின்றாலும் கெடும். ஆக்சிஜன் அதனுள் புகுந்து மூலக்கூறுச் சங்கிலிகளிடையே மேலும் மேலும் முடிச்சுப் போடுகிறது, ரப்பர் இறுகுகிறது. ஓசோன் மேற்பரப்பில் நுண்வெடிப்புகளை உண்டாக்குகிறது. இதைத் தடுக்கத் தயாரிப்பாளர்கள் கலக்கும் மெழுகும் பிற பொருள்களும், டயர் உருண்டு நெளியும்போதுதான் நன்றாக மேலே கசிந்து வரும். உறைபோட்டு மூடி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கும் செல்ல வண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. போதாக்குறைக்கு எங்கள் பகுதிக் கோடை. வெப்பம் ஏறினால் வேதிவினை விரையும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இறுகிய ரப்பர் சரளை மேட்டில் வழிந்து படியாது. பள்ளம் ஆழமாக இருந்தும் பிடிப்பு போய்விடும்.

2013 நவம்பர் 30 அன்று கலிபோர்னியாவில் ஹாலிவுட் நடிகர் பால் வாக்கர் பயணம் செய்த போர்ஷே கரேரா ஜிடி கார் மோதி எரிந்து, ஓட்டிய நண்பரும் அவரும் இறந்தனர். மணிக்கு 45 மைல் எல்லையுள்ள சாலையில் 80 மைலுக்கு மேற்பட்ட வேகமே காரணம் என்று விசாரணை முடிவு கூறியது. அதே விசாரணையில் வெளிவந்த இன்னொரு செய்தி, அந்த டயர்களுக்கு வயது ஒன்பது என்பது. வேகத்தின் குற்றத்தை டயரின் மேல் ஏற்ற நான் விரும்பவில்லை. ஆனால் உலகின் மிக விலையுயர்ந்த கார்களில் ஒன்றுக்கும் டயர் வயதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்றால், அம்மையார்குப்பத்தில் எண்ணாததில் வியப்பென்ன?

எண்ணுவது எளிது. டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் பிறந்த டயர். ஐந்தாண்டுக்குப் பின் ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்டவும், எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் பத்தாண்டில் கழித்துவிடவும் தயாரிப்பாளர் பலர் கூறுகின்றனர். கார்க் கம்பெனிகள் சில ஆறாண்டே போதும் என்கின்றன.

மாற்றுவதா வேண்டாமா என்னும் தயக்கம் நம்மைப் போன்றவர்களுக்கு மட்டும் உரியதன்று. 2005ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயத்தில் விந்தையான விதியொன்று இருந்தது: தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் ஒரே டயர்; இடையில் தேய்ந்ததென்று மாற்றக்கூடாது, ஆபத்தான நிலையில் மட்டும் மாற்றலாம். அவ்வாண்டு மே 29 அன்று ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் கிமி ராய்க்கோனன் முன்னணியில் ஓடினார். பிரேக்கில் சக்கரம் பூட்டி வழுக்கியதில் முன்டயர் ஓரிடத்தில் தட்டையானது. 66 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு நாற்பது முறை சுற்றும். சுற்றுக்கொரு அடி என்றால், வினாடிக்கு நாற்பது சம்மட்டி அடி. முன்சக்கரம் நடுங்குவது தொலைக்காட்சியிலேயே தெரிந்தது. உள்ளே வந்து மாற்றினால் வெற்றி போய்விடும். மாற்றாமல் ஓட்டினார்கள். கடைசிச் சுற்றின் தொடக்கத்தில் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் முறிந்தது. அலான்சோ வென்றார்.

மூன்று வாரம் கழித்து இண்டியானாபொலிஸில் நடந்தது இதற்கு நேர் எதிர். சரிவான 13ஆம் திருப்பத்தில் மிஷலின் டயர்கள் தாங்கமாட்டா என்று அக்கம்பெனியே அறிவித்தது. அந்த டயர் பூண்ட 14 கார்கள் முன்னோட்டச் சுற்றோடு திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயருள்ள ஆறே கார்கள் பந்தயம் ஓடின. ரசிகர்கள் கொதித்தார்கள். அந்த ஆறில் நான்காவதாக வந்தவர் நம் கோவை நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா ஒன்னில் புள்ளி பெற்ற முதல் இந்தியரானார். அவருக்குக் கிடைத்த ஐந்து புள்ளிகளைப் பற்றி ஏளனமாகப் பேசுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தாங்கும் டயரோடு தடத்தில் நிற்பதும் பந்தயத்தின் ஒரு பகுதிதான். திரும்பிப்போன பதினான்கு பேரையும் நான் குறை கூறமாட்டேன். குறை அந்த விதியுடையது. தேய்ந்ததை மாற்றுவதற்கு இவ்வளவு தண்டனை வைத்தால், யாரும் மாற்றுவதைத் தள்ளிப்போடவே பார்ப்பார்கள். அடுத்த ஆண்டே அந்த விதி கைவிடப்பட்டது. நம் வீடுகளில் அந்தத் தண்டனையின் பெயர் டயர் விலை.

மாணவனின் காருக்கு வருகிறேன். கல்லூரியிலிருந்து வெர்னியர் காலிப்பர் ஒன்று எடுத்து வந்திருந்தேன். அதன் வாலில் நீளும் மெல்லிய கம்பி ஆழம் அளப்பதற்கென்றே உள்ளது. ஆய்வகத்தில் எந்த மாணவனும் அதை வெளியே இழுத்துப் பார்த்ததில்லை. வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஒவ்வொரு டயரிலும் உள், நடு, வெளி என மூன்று இடங்களில் அளந்தோம். முன்டயர்களில் 5 மி.மீ. இருந்தது. பின்டயர்களின் வெளி ஓரத்தில் 4.5, உள் ஓரத்தில் 1.9. பிறகு அவன் செல்போன் வெளிச்சத்தில் பக்கச்சுவரைப் படித்தான். படித்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. நான்கும் ஒன்பது ஆண்டைத் தாண்டியிருந்தன. நகத்தால் அழுத்தினால் பதியவில்லை. பட்டன்களின் அடியில் மயிரிழை வெடிப்புகள்.

"பின்னால் இரண்டு மட்டும் மாற்றினால் போதாதா, வாத்தியாரே?" என்று கேட்டார் அவன் தந்தை. நாற்பதாண்டு தறியில் நின்றவர். தொகையைக் கேட்டதும் அவர் மனத்தில் எத்தனை புடவை ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தேய்மானம் மட்டும் குறை என்றால் அதுவே சரியான யோசனை என்றேன். இரண்டே வாங்குகிறவர்கள் புதியதைப் பின்னால்தான் போட வேண்டும், ஏனெனில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டி பம்பரமாகிவிடும். ஆனால் முன்னால் இருப்பவற்றின் நோய் தேய்மானம் அன்று, முதுமை. திருப்பதிக்கு அவர்கள் பேருந்தில் போனார்கள். நான்கு டயரும் தை மாதம் வந்தன.

கழற்றிய டயர் ஒன்றைக் கேட்டு வாங்கி, பக்கச்சுவரை அறுத்து, உள்ளிருக்கும் அடுக்கை அந்தப் பெரியவரிடம் காட்டினேன். நெருக்கமாக ஒரே திசையில் ஓடும் நூல்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் நெருடிப் பார்த்தார். "பாவு இருக்கிறது. ஊடை எங்கே?" என்றார். டயர்த் துணியில் பளு தாங்குவது பாவு மட்டுமே. நெய்யும்போது கலையாமல் பிடிக்க ஒப்புக்கு நாலைந்து மெல்லிய ஊடை இழை விடுவார்கள், மற்றதை ரப்பரே கட்டிவைக்கிறது என்று விளக்கினேன்.

"அப்போ அந்த ரப்பர் செத்துப்போனா?" என்றார் அவர், மகனைப் பார்த்து.